எஸ்டிமேட்டில் இல்லாத மரங்கள்

அரசுக் கட்டடத்துக்கான எஸ்டிமேட்டைப் பிரித்தால் ஆரம்பத்திலேயே இடத்தைச் சுத்தம் செய்யும் வேலை வந்துவிடும். களத்தில் அதை ஜங்கிள் கிளியரன்ஸ் என்போம். காலையில் ஜேசிபி வரும். மத்தியானத்துக்குள் வேம்பு, உடை, மஞ்சணத்தி, ஆவாரை, எருக்கு எல்லாம் ஒரு ஓரமாகக் குவிந்து கிடக்கும். அப்புறம்தான் சுண்ணாம்புக் கோடு போட்டு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டுவார்கள். கட்டடம் முடிந்து, திறப்பு விழாவுக்குத் தேதியும் குறித்த பிறகு தோட்ட வேலைக்கு ஆள் தேடுவார்கள். கொரியன் புல்லும் குரோட்டன்ஸும் பாட்டில் பாமும் லாரியில் வந்து இறங்கும். கையிருப்புப் பணமும் பெரும்பாலும் அதற்குள் தீர்ந்திருக்கும்.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கட்டட வரைபடமும் எஸ்டிமேட்டும் போடுவது என் தொழில். பள்ளிக்கூட வகுப்பறை, ஆரம்ப சுகாதார நிலையம், நூலகம், ஊராட்சி அலுவலகம் என்று பொதுக் கட்டடங்கள்தான் அதிகம். இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகப் பட்ட ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நிற்கிற மரமும், தண்ணீர் ஓடுகிற வழியும், அங்கே வாழ்கிற உயிர்களும் முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். சிமெண்டுக்கும் கம்பிக்கும் போடுவதுபோல அவற்றுக்கும் எஸ்டிமேட்டில் அளவும் ரேட்டும் போட வேண்டும்.

இது எங்கிருந்தோ வந்த யோசனை என்று நினைப்பவர்கள் ஒருமுறை திருப்புடைமருதூருக்குப் போய் வரலாம். தாமிரபரணியோடு கடனாநதி சேருகிற இடத்தில் நாறும்பூநாத சுவாமி கோயில். தலமரம் மருதம். கோபுரத்துக்குள் அடுக்கடுக்காக ஓவியங்களும் மரச்சிற்பங்களும் இருப்பதால் கலை தேடி வருகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த ஊரின் பெரிய அதிசயம் வெளியே நிற்கிற மருத மரங்களும் இலுப்பை மரங்களும்தான். கொக்கும் நாரையும் அதில்தான் அடைகின்றன. அடியில் நின்றால் தலைக்கு மேலே சதா ஒரு சலசலப்பு. தரையெல்லாம் எச்சம், மீன் வாடை, உதிர்ந்த குச்சிகள். ஊர்க்காரர்கள் அதைச் சகித்துக்கொண்டு காலங்காலமாகப் பறவைகளுக்குக் காவலாக இருந்திருக்கிறார்கள். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ல் கொண்டுவந்த திருத்தம் ‘பாதுகாப்புக் காப்பகம்’ என்று ஒரு புது வகையை உண்டாக்கியது. 2005-ல் அந்தச் சட்டத்தின்கீழ் இங்கே 2.84 ஹெக்டேர், அதாவது ஏழு ஏக்கர், பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே தொடக்க காலத்தில் வந்த காப்பகங்களில் ஒன்று அது. ஏழு ஏக்கர் என்றால் நம்முடைய சாதாரண அரசு மேல்நிலைப்பள்ளி வளாகம் அவ்வளவு இருக்கும். அதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். பெரிய காடு கேட்கவில்லை அந்தப் பறவைகள். ஆற்றுக்குப் பக்கத்தில் பெரிய மரம் கொஞ்சம், தொந்தரவு செய்யாத மனிதர்கள், அவ்வளவுதான்.

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளமும் அப்படித்தான். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், பிறகு உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் சங்குவளை நாரை கூடு கட்டுவது குளத்து மரத்தில் மட்டுமில்லை, ஊருக்குள் வீட்டு முற்றத்து மரத்திலும் கட்டுகிறது. கீழே பாத்திரம் கழுவுகிறார்கள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள், மேலே குஞ்சுகள் வாய் பிளந்துகொண்டு நிற்கின்றன. பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். நம் சாஸ்தா கோயில்களை எடுத்துக்கொள்ளுங்கள். குளத்தங்கரையில் பீடமும், அதைச் சுற்றிக் கோடரி படாத மரங்களும். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு போய்ப் பொங்கலிட்டு அந்த நிழலில் சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம். நம் ஆட்களுக்குக் கட்டடத்தையும் மரத்தையும் தண்ணீரையும் ஒன்றாக நினைக்கத் தெரியும். கவர்ன்மெண்ட் டிராயிங் என்று வந்ததும் அந்த அறிவுக்கு அங்கே இடம் இல்லாமல் போகிறது.

தேரிக்காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் வகுப்பறைக் கட்டடத்துக்கு லெவல் எடுக்க, அதாவது தரையின் மேடுபள்ளம் அளக்க, போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். செம்மண் தரை, நடுவில் ஐந்தாறு உடை மரங்கள். உடையைப் பார்த்திருக்கிறீர்களா? உச்சி தட்டையாக, குடை விரித்த மாதிரி நிற்கும். நெல்லை, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் வறண்ட மண்ணில்தான் அது அதிகம். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். இந்தச் சிறப்பு ஊரில் பலருக்குத் தெரியாது, விறகு என்றுதான் தெரியும். வந்த வரைபடம் சென்னையில் போட்ட மாதிரி வரைபடம், எல்லா ஊருக்கும் ஒன்றே. அதை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் எல்லா உடையும் கட்டடத்துக்குள் வந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி நாங்கள் டேப் பிடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிட்ட வந்தார்.

“எய்யா, பள்ளிக்கூடம் கட்டுங்க, வேண்டாங்கல. இந்த உடைய மட்டும் விட்டுருங்க. கோடையில ஆட்டுக்கு இந்த நெத்துதான்யா.”

கட்டடத்தைக் கொஞ்சம் தெற்கே நகர்த்தி, வராந்தாவை வடக்குப் பக்கம் மாற்றினால் இரண்டு மரம் தவிர மற்றதெல்லாம் தப்பும் என்று அங்கேயே காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். சதுர அடி குறையவில்லை, செலவு கூடவில்லை. திருத்திய வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கத்தான் அலைந்தோம். இன்று அந்த மரத்தடியில் மத்தியானச் சாப்பாடு நடக்கிறது. நெத்து, அதாவது முற்றிய காய், விழும் மாதங்களில் பள்ளி முடிந்து கதவைத் திறந்துவிட்டால் ஆச்சியின் ஆடுகளும் உள்ளே வரும்.

வெட்டாமல் விட்டால் போதும், மரம் பிழைத்துவிடும் என்று நம்பக் கூடாது. நம் பக்கத்தில் மரங்கள் சாவது அதிகமும் மண்ணடித்து மேடாக்குவதால்தான். தண்ணீர் நிற்கிறது என்று சரளைக் கொட்டி வளாகம் முழுவதும் ஒன்றரை அடி உயர்த்துவார்கள். வேம்பின் அடிமரம் அதில் புதைந்து போகும். மேலே பேவர் பிளாக்கைத் தண்டோடு ஒட்டிப் பதிப்பார்கள். மரம் தண்ணீரையும் சத்தையும் எடுக்கிற வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள்ளேயே இருக்கிறது, பக்கவாட்டில் இலைக்கூரையையும் தாண்டிப் பரவுகிறது. அந்த வேருக்குக் காற்று வேண்டும். மண்ணை ஏற்றிய உடனே மரம் சாகாது. அடுத்த வருஷம் உச்சிக்கிளை காயும், அதற்கடுத்த வருஷம் பட்டை உரியும். அதற்குள் காண்டிராக்டர் பில் வாங்கிப் போயிருப்பார். “வயசான மரம், பட்டுப் போச்சு” என்று முடித்துவிடுவார்கள். இதைத் தடுக்கப் பெரிய செலவொன்றும் இல்லை. இலைக்கூரை எவ்வளவு அகலமோ அந்த வட்டத்துக்குள் மண் ஏற்றாதே, வானம் தோண்டாதே, சல்லியும் சிமெண்ட் கலவையும் குவிக்காதே என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டி, வேலை தொடங்கும் முன்பே தகரத்தால் வேலி போட வேண்டும். அந்தத் தகர வேலி எஸ்டிமேட்டில் ஒரு ஐட்டமாக இருந்தால்தான் காண்டிராக்டர் போடுவார். இல்லாததைப் போடச் சொல்லி யாரையும் கோபித்துப் பயனில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தச் சீமையில் யாரும் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி கரை தாண்டியது. கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையை ஒட்டி இருக்கிற மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் வந்தது. அந்த மழையை எந்தத் தோட்டமும் தாங்காது, அப்படிச் சொல்வது பொய். ஆனால் வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் சாதாரண மழைக்கே நம் பள்ளி மைதானங்கள் தெப்பக்குளம் ஆகின்றனவே, அதற்கு யார் காரணம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் பத்தாயிரம் லிட்டர். பத்து சென்டிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். முன்பு இதில் ஒரு பங்கை மண் குடித்தது, மிச்சம் ஓடை வழியாகக் குளத்துக்குப் போனது. இப்போது ஓடை மேல் காம்பவுண்ட் சுவர், மண் மேல் பேவர் பிளாக். 2003-ல் தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அந்த உத்தரவால் நிலத்தடி நீர் ஏறிய ஊர்கள் உண்டு. அரசுக் கட்டடங்களில் அது இன்று பல இடங்களில் ஒரு பிவிசி குழாயும், மண்மூடிப் போன ஒரு தொட்டியுமாக நிற்கிறது.

நான் இப்போது வரைவதெல்லாம் மேலாகத் தெரிகிற நீர்வழிதான். மாடித் தண்ணீர் ஆழமில்லாத ஒரு புல் வாய்க்காலில் விழுந்து, வளாகத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு சின்னப் பள்ளத்துக்குப் போகும். நிறைந்தால் மறுகால் பாய்ந்து வெளியே பழைய ஓடைக்குப் போகும். குளம், மடை, மறுகால் என்று நம் பாட்டன்மார் ஆற்றுப்பாசனத்தில் செய்ததன் சின்ன வடிவம் இது. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் தாமிரபரணியில் இருக்கின்றன, அவற்றின் கால்வாய்கள் குளத்துக்குக் குளம் தண்ணீரைக் கைமாற்றிக்கொண்டே போகின்றன. இப்படித் தண்ணீரைக் கையாண்ட சீமையில் ஒரு அலுவலக வளாகத்துக்குள் விழுகிற தண்ணீருக்கு வழி சொல்லத் தெரியவில்லை என்றால் அது வருத்தப்பட வேண்டிய விஷயம். பள்ளத்தில் கோரை வளரும், தவளை வரும், தவளையைத் தேடிக் குருட்டுக்கொக்கு வரும். மழை நின்று சில நாட்களில் வடிந்துவிடும்படி அளவு வைத்தால் கொசுத் தொல்லை இருக்காது. அதை மட்டும் சரியாகக் கணக்குப் பண்ண வேண்டும், ஏனென்றால் டெங்கு என்று ஒருவர் வாய் திறந்தால் பள்ளத்தை மறுநாளே மூடிவிடுவார்கள்.

என்ன மரம் வைப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்போது வைப்பது என்று யாரும் கேட்பதில்லை. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம். அன்றைக்குத்தான் எல்லா அலுவலகத்திலும் மரம் நடு விழா, போட்டோ, டீ, வடை. நெல்லைச் சமவெளிக்கு ஜூன் மாதம் என்றால் வறண்ட மேல்காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குற்றாலத்துக்குச் சாரல் வரும், தென்காசிக்குக் கொஞ்சம் தூறும். பாளையங்கோட்டைக்கும் நாங்குநேரிக்கும் ராதாபுரத்துக்கும் வருவது வெறும் காற்றும் புழுதியும்தான். அன்று நட்ட கன்று ஆவணிக்குள் குச்சியாகிவிடும். நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான். புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதலிலோ குழியில் கன்று இறங்கினால் மூன்று மாதம் வானமே தண்ணீர் ஊற்றிவிடும். விழாவை அக்டோபருக்கு மாற்றுவதற்குக் காலணா செலவில்லை. அதற்குப் பின் மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், அந்தக் கூலியும் எஸ்டிமேட்டில் வர வேண்டும். கட்டடத்துக்குக் குறைபாடு வந்தால் சரிசெய்து கொடுக்கும் காலம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே, அதே காலத்துக்குள் மரத்தையும் கொண்டுவந்துவிட்டால் போதும்.

சரி, என்ன மரம்? இடத்தைப் பார்க்க வேண்டும். ஆற்றங்கரை வண்டல் என்றால் மருதம், நாவல், புங்கம், இலுப்பை. செம்மண் மேட்டுக்கு வேம்பு, உடை, வாகை, மஞ்சணத்தி, ஆல். மேற்கு வெயிலும் ஆடிக்காற்றும் அடிக்கிற பக்கம் மயில்கொன்றையை வைக்காதீர்கள், பூ அழகுதான், கிளை காற்றுக்கு ஒடியும். பூவரசும் புங்கமும் தாங்கும். சீக்கிரம் பச்சையாகிறது என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தைக் கொண்டுவந்து வரிசையாக நடுகிறார்கள். அதைத் தின்னும் பூச்சி இங்கே கிட்டத்தட்ட கிடையாது, அதனால் பறவைக்கும் அதில் வேலையில்லை. அதன் மகரந்தம் ஒவ்வாமை உண்டாக்குகிறது என்ற புகாரும் உண்டு. குஜராத் அரசு 2023-ல் அதை நடவே கூடாது என்று தடை போட்டது.

பனை நிற்கிற இடத்தில் பனையைத் தொடவே கூடாது. தொங்குகிற காய்ந்த ஓலையின் உள்பக்கம் பனை உழவாரன் தன் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு வைக்கும். உச்சி போன மொட்டைப் பனையின் பொந்தில் பனங்காடையும் கிளியும் மைனாவும் குஞ்சு பொரிக்கும். மொட்டைப் பனை பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று முதலில் அதைத்தான் தள்ளுவார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு சொல்லிவிட்டது. அரசு நிலத்து மரங்களை வெட்டலாமா என்று முடிவு செய்ய மாவட்டப் பசுமைக் குழு என்று ஒன்றும் இருக்கிறது. இந்த இரண்டையும் பற்றிக் களத்தில் நிற்கிற சூப்பர்வைசருக்கு யாரும் சொல்வதில்லை.

களை என்று நாம் பிடுங்கி எறிவதையும் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். எருக்கிலையைத் திருப்பினால் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வளையம் போட்ட புழு மேய்ந்துகொண்டிருக்கும். வெந்தய வண்ணத்துப்பூச்சியின் புழு அது. கரிசல் காட்டில் தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளையை ஆடு தொடாது, ஆனால் செவ்வுடல் கொண்ட ரோஜா அழகி வண்ணத்துப்பூச்சிக்கு அந்த இனக் கொடியை விட்டால் முட்டையிட வேறு இலை இல்லை. ஆவாரையும் சரக்கொன்றையும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளுக்கு. வளாகத்தின் பின்பக்கத்தில் ஐந்து சென்ட் இடத்தை எதுவும் செய்யாமல் விட்டுவிட்டால் இவை எல்லாம் தானாக வரும். விதைகூடத் தூவ வேண்டாம்.

“புதர் இருந்தா பாம்பு வருமே, அண்ணாச்சி” என்று எல்லா ஊரிலும் கேட்பார்கள். பிள்ளைகள் நடமாடும் இடம், நோயாளி வரும் இடம், பயம் நியாயமானது. சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடிக்குச் செடி கொடி எதுவும் இல்லாமல் வெறும் தரையாக வைத்துக்கொள்ளுங்கள், நடைபாதை ஓரம் புதர் வேண்டாம், பின்பக்கம் விட்டுவைத்த காட்டுத் துண்டுக்குக் கம்பி வேலி போடுங்கள், செங்கல் குவியலையும் உடைந்த டெஸ்க்குகளையும் கொல்லையில் அடுக்காதீர்கள். எலி எங்கே பெருகுகிறதோ அங்கேதான் பாம்பும் வரும். சத்துணவுக் கூடத்தின் பின்னால் சோறு கொட்டுவதை நிறுத்தினால் பாதிப் பாம்பு வராது. எலிக்கு எதிரியான கூகை நம் பழைய தேவாலயக் கோபுரங்களிலும் கோயில் மாடங்களிலும் குடியிருந்தது. புதுக் கட்டடத்தில் அதற்கு ஒரு பொந்துகூட வைப்பதில்லை. ஓட்டுக் கட்டடங்களின் கூரை விளிம்பான இறவாணத்தில் சிட்டுக்குருவி கூடு வைத்தது. கான்கிரீட் பெட்டியில் ஏசி ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடப்புறா மட்டும்தான் வைக்கிறது. சன்ஷேடுக்கு அடியில் குருவி நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டு நாலு செங்கல் பதிக்கச் சொன்னால் கொத்தனார் சிரித்துக்கொண்டே செய்து கொடுப்பார்.

முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி ஒட்டுவதும் இப்போது பரவிவிட்டது. வெயில் காயும் ஊரில் அது ஏசி விற்கிறவர்களுக்குத்தான் லாபம். கண்ணாடிக்குள் மரமும் வானமும் தெரிவதால் பறவை அதை வழியென்று நினைத்து வந்து மோதும். ஒரு சுகாதார நிலையத்தில் ஆண் தேன்சிட்டு ஒன்று தன் நிழலைப் பகையாளி என்று நினைத்து ஜன்னலைக் கொத்திக்கொண்டே இருந்ததை நாங்கள் வேலை செய்த நாளெல்லாம் பார்த்தோம். அலகு தேய்கிற அளவுக்குக் கொத்தும். கண்ணாடியின் வெளிப்பக்கம் இரண்டு அங்குல, நாலு அங்குல இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இருந்தால் பறவை விலகிப் போகும்.

ஆஸ்பத்திரி கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1984-ல் ரோஜர் உல்ரிக் என்பவர் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை, பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகள். பாதிப்பேருக்கு ஜன்னலில் மரம் தெரிந்தது, பாதிப்பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே எடுத்தார்கள். சிங்கப்பூரில் யீஷுன் குளத்தங்கரையில் 2010-ல் திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனை, நடுமுற்றத்தில் காட்டையும் மாடியில் காய்கறித் தோட்டத்தையும் வைத்துக் கட்டப்பட்டது, பறவையும் வண்ணத்துப்பூச்சியும் அங்கே வந்து சேர்ந்தன. இங்கிலாந்தில் 2024 பிப்ரவரியிலிருந்து சட்டமே வந்துவிட்டது: புதிதாகக் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் முன்பிருந்ததைவிட 10 சதவீதம் கூடுதலாக இயற்கை வாழிடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சிங்கப்பூர் பணத்தைப் பார்த்து நாம் பெருமூச்சு விட வேண்டாம். நம்மிடம் குளமும் மரமும் ஏற்கெனவே நிற்கின்றன. அவர்கள் காசு கொடுத்து உண்டாக்குவதை நாம் காசு கொடுத்து அழிக்கிறோம்.

உங்கள் ஊரில் அங்கன்வாடியோ நூலகமோ வரப்போகிறது என்று தெரிந்தால் அடுத்த கிராமசபையில் எழுந்து இட வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் அதற்கு வாய்ப்பு இருக்கிறது. டெண்டர் விட்ட பிறகு கேட்டால் யாராலும் எதையும் மாற்ற முடியாது, அதனால் முந்திக்கொள்ளுங்கள். போகும்போது கையில் ஒரு பட்டியல் இருக்கட்டும். நான் சர்வேக்குப் போகும்போது நிரப்புகிற தாளில் இவ்வளவுதான் இருக்கும்: மரத்தின் பெயர், மார்பளவு உயரத்தில் அடிமரச் சுற்றளவு, இலைக்கூரையின் அகலம், கூடோ பொந்தோ இருக்கிறதா, மழைத்தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது, ஊரில் அந்த மரத்தை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளே ஒரு மத்தியானத்தில் நிரப்பிவிடுவார்கள். அதன் நகலை மனுவோடு சேர்த்து ஊராட்சித் தலைவரிடமும் பொறியாளரிடமும் கொடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.